தரிப்புத்தடை: 'ஆட்டோ ஹேண்ட்பிரேக்' என்ற பெயருக்குள் இருப்பது என்ன?

2018 டிசம்பரில் புரோட்டோன் எக்ஸ்70 கார் வந்தது. 2020-இல் எக்ஸ்50, 2022-இல் புதிய பெரோடுவா அல்சா. இரண்டு இருக்கைகளுக்கு நடுவே இழுக்கிற ஹேண்ட்பிரேக் கம்பி இல்லாத கார், நம் மலேசியாவில் சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான். கம்பி இருந்த இடத்தில் இப்போது வட்டத்துக்குள் 'பி' எழுத்துப் போட்ட ஒரு சின்ன விசை. பக்கத்திலேயே 'ஆட்டோ ஹோல்ட்' என்று இன்னொன்று. கோலாலம்பூரில் நம்மவர்கள் பலர் இரண்டையும் சேர்த்து 'ஆட்டோ ஹேண்ட்பிரேக்' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். மைவி, சாகா ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அவற்றில் கம்பி இன்னும் இருக்கிறது.

இந்தப் பெயர் எனக்குக் கவலை தருகிறது. கையால் போடாத ஒன்றுக்கு 'ஹேண்ட்' எதற்கு என்பது சின்னக் கேள்வி. இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒரே பெயருக்குள் கட்டிவைக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. அந்த இரண்டில் ஒன்றை நம்பிக் காரைவிட்டு இறங்கலாம், மற்றதை நம்பி இறங்கக் கூடாது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'பிரேக்' டச்சு மொழிப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். சணல் தண்டை நசுக்கி நாரெடுக்கும் கருவிக்கு வழங்கிய பெயர் அது. உடைத்தல் என்ற வினையோடு உறவுடையது. சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் கருவிக்கு இந்தப் பெயர் வந்தது பிற்பாடு, 18-ஆம் நூற்றாண்டில். 'பார்க்' என்பது பழைய பிரெஞ்சில் வேட்டைக்காக வேலியடைத்த நிலம். படைகள் பீரங்கிகளையும் வண்டிகளையும் வரிசைகட்டி விட்டுவைக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் போய், அங்கிருந்து எல்லா வண்டிகளுக்கும் பரவியது. மலாயில் ஹேண்ட்பிரேக்கை 'பிரேக் தாங்ஙான்' என்கிறார்கள், தாங்ஙான் என்றால் கை. கார் நிறுத்துமிடம் 'தெம்பாட் லெத்தாக் கெரெத்தா', அதாவது காரை வைக்கும் இடம்.

தமிழில் பிரேக்குக்கு நிறுத்தி, தடுப்பான், தடை என்று பல சொற்கள் வழங்குகின்றன. 'நிறுத்தி' எனக்குச் சரியாகப் படவில்லை. அது வினையெச்சமாகவும் நிற்பதால், 'கார் நிறுத்தி வேலை செய்யவில்லை' என்று எழுதினால் காரை நிறுத்திவிட்டு யாரோ வேலைக்குப் போகவில்லை என்று படிக்க வேண்டியிருக்கிறது. 'தடை' சுருக்கமானது, கூட்டுச்சொல்லில் நன்றாக ஒட்டும். கைத்தடை, கால்தடை என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் மின்சாரத்தால் இயங்கும் பார்க்கிங் பிரேக்கை 'மின்தடை' என்று சுருக்கினால் கதை கெட்டுவிடும். அந்தச் சொல் ஏற்கெனவே மின்சாரம் நின்றுபோவதற்கும், இயற்பியலில் ஒரு கடத்தி மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவுக்கும் வழங்குகிறது.

நின்ற வண்டி நகராமல் பிடித்துவைக்கும் பொருளுக்கு நம்மிடம் ஒரு பழைய சொல் இருக்கிறது: முட்டுக்கட்டை. தேர்ச்சக்கரத்தின் அடியில் கட்டை கொடுத்து நிறுத்துவதும், கட்டை வைக்கும் கோணத்தால் தேரைத் திருப்புவதும் தனி வித்தை. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் காரியத்தைக் கெடுப்பவர்தான் நினைவுக்கு வருகிறார், அதனால் காருக்கு ஒத்துவராது. ஆனால் அதில் உள்ள கருத்து முக்கியமானது. ஓடுகிற வண்டியை நிறுத்துவது ஒரு வேலை. நின்ற வண்டியை, ஆள் போன பிறகும் நின்றபடியே வைத்திருப்பது வேறு வேலை.

அந்த இரண்டாவது வேலைக்கு 'தரிப்பு' பொருந்துகிறது. தரித்தல் என்றதும் மாலை தரித்தல், வேடம் தரித்தல்தான் பலருக்கும் தோன்றும். தங்குதல், நிலைத்து நிற்றல் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. இலங்கைத் தமிழர்கள் பேருந்து நிற்கும் இடத்தைத் தரிப்பிடம் என்றும், வண்டிகள் விடும் இடத்தை வாகனத் தரிப்பிடம் என்றும் எழுதுகிறார்கள். ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் குடியேறிய யாழ்ப்பாணக் குடும்பங்களைக் கொண்ட ஊர் நமது. அது இங்கே அந்நியமான சொல் ஆகாது. ஆகவே பார்க்கிங் பிரேக் என்றால் தரிப்புத்தடை. மின்சாரத்தால் இயங்குவது மின் தரிப்புத்தடை. நடுவில் 'தரிப்பு' நிற்பதால் மின்தடையோடு மோதாது.

சரி, அந்த மின் தரிப்புத்தடை என்ன செய்கிறது? பெரும்பாலான கார்களில் பின்சக்கரம் ஒவ்வொன்றின் பிரேக் காலிப்பரிலும், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்வும் பாகத்திலும், ஒரு சிறு மோட்டார் இருக்கும். விசையைத் தூக்கியதும் அது பல்சக்கரங்கள் வழியாக ஒரு திருகைச் சுழற்றும். திருகு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பிரேக் பேடை டிஸ்க்கின்மேல் இறுக்கும். இறுகியதும் மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடும். டயர் மாற்றத் தூக்கும் திருகு ஜாக்கி, கையை எடுத்தாலும் இறங்காமல் நிற்கிறதல்லவா, அதே மாதிரிதான் இந்தத் திருகும். மரை அப்படி வெட்டப்பட்டிருப்பதால் தானாகப் பின்னால் சுழலாது. சில கார்களில் ஒரே மோட்டார் பழைய கம்பிவடத்தையே இழுக்கும். இந்த வகைத் தடை 2001-இல் பிஎம்டபிள்யூ 7 வரிசைக் காரில் வந்து, மெல்ல மெல்லக் கீழ்விலைக் கார்களுக்கு இறங்கியது.

'ஆட்டோ ஹோல்ட்' வேறு. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் பிரேக்கை அழுத்தி நிற்கிறோம், காலை எடுக்கிறோம், கார் அப்படியே நிற்கிறது. அங்கே திருகு வேலை செய்யவில்லை. கால் கொடுத்த பிரேக் ஆயில் அழுத்தத்தை மின்காந்த வால்வுகள் அடைத்து வைத்திருக்கின்றன. நான்கு சக்கரமும் பிடிபட்டிருக்கும், ஆனால் அந்த வால்வுகள் மூடியிருக்க மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் சில நிமிடங்களுக்குமேல் அது பிடிப்பதில்லை. நேரம் கடந்தாலோ, பெல்ட்டைக் கழற்றினாலோ, கதவைத் திறந்தாலோ, பல கார்களில் வேலையைத் திருகிடம் ஒப்படைத்துவிடும். எந்தக் கார் எதைப் பார்த்து ஒப்படைக்கும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். இதை 'இடைப்பிடி' என்று சொல்லலாம் என்பது என் எண்ணம்: இரண்டு நகர்வுகளுக்கு இடையே பிடிப்பது.

இந்தப் பிரிவை ஐநா வாகன ஒழுங்குமுறை 13-எச் மிகத் தெளிவாகச் சொல்கிறது. தரிப்புத்தடை, ஓட்டுநர் இல்லாதபோதும் வண்டியை ஏற்றத்திலோ இறக்கத்திலோ நிற்க வைக்க வேண்டும். பூட்டிய நிலையில் அதைப் பிடித்திருப்பது முழுக்க இயந்திர அமைப்பாக இருக்க வேண்டும். 'ஓட்டுநர் இல்லாதபோதும்' என்பதுதான் உயிர்நாடி. இடைப்பிடிக்கு அந்தத் தகுதி இல்லை.

அடுத்து 'சென்சார்'. உணர்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் 'உணரி' என்று அழகாக நிலைபெற்றுவிட்டது. உணரி எதை உணர்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால்தான் அதன் எல்லை தெரியும்.

மோட்டார் எவ்வளவு இறுக்கியிருக்கிறது என்று கார் எப்படி அறியும்? பெரும்பாலான கார்களில் அதற்கென்று அழுத்த உணரி கிடையாது. பேட் டிஸ்க்கைத் தொட்டதும் மோட்டார் திணறும், அது இழுக்கும் மின்னோட்டம் ஏறும். அந்த ஏற்றத்தைக் கணக்கிட்டு 'போதும்' என்று கட்டுப்பாட்டுப் பெட்டி நிறுத்துகிறது. லைசென்ஸ் எடுக்கும்போது 'புக்கிட்' ஏற்றத்தில் மஞ்சள் கோட்டருகே நின்று, கம்பியை இழுத்து, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்பிப் பழகினோமே, அப்போது நம் கை உணர்ந்த இறுக்கத்தை இப்போது ஒரு மின்னோட்ட அளவு ஊகிக்கிறது.

ஊகம் என்பதால் வெப்பம் அதைக் கெடுக்கும். கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, கீழே வந்ததும் நிறுத்துகிறோம் என்று வையுங்கள். டிஸ்க் சூட்டில் விரிந்திருக்கும். அந்த நிலையில் இறுக்கிய தடை, டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது தளரும். இதற்காகவே பல கார்கள், எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துத் தாமாகவே ஒருமுறை மறுபடி இறுக்கும். ஆளில்லாத காரின் பின்புறத்திலிருந்து 'ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தால் பழுது என்று பயப்பட வேண்டாம், அதுதான் இது.

சக்கரச் சுழற்சி உணரி, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் இதற்கும் பொது. தடை போட்ட பிறகு சக்கரம் கொஞ்சம் உருண்டால், இன்னும் இறுக்கச் சொல்லும். ஆனால் அது பார்ப்பது சக்கரத்தைத்தான், காரை இல்லை. பேரங்காடிகளின் வண்டி நிறுத்துமிடத்தில் வழுவழுப்பான சரிவுத் தரை இருக்கும். மழையில் வந்த கார்கள் அதை ஈரமாக்கியிருக்கும். அந்தச் சரிவில் பூட்டிய பின்சக்கரங்கள் சுழலாமலே வழுக்கினால், உணரியைப் பொறுத்தவரை கார் அசையவே இல்லை. கார் இறக்கத்தைப் பார்த்து நின்றால் எடை முன்பக்கம் சாய்ந்து, பின்டயர்களின் பிடிப்பு மேலும் குறையும். தரிப்புத்தடையோ பெரும்பாலும் பின்சக்கரங்களில்தான். 13-எச் கேட்பது சுமை ஏற்றிய கார் 20 விழுக்காடு சரிவில், அதாவது ஏறக்குறைய 11 பாகையில் நிற்க வேண்டும் என்பது. வழுக்கும் தரையில் தடை எவ்வளவு இறுகினாலும் டயர்தான் கைவிடும்.

சரிவு உணரி புவியீர்ப்பின் ஒரு பகுதியை அளந்து சரிவைக் கணிக்கிறது. வேகம் கூடுவதும் குறைவதும் அதற்குச் சரிவைப் போலவே தெரியும் என்பதால், கார் ஓடும்போது சக்கர உணரியோடு ஒப்பிட்டுப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பின்னால் எவ்வளவு சாமான் ஏற்றியிருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

என்னை அதிகம் உறுத்துவது பெல்ட் உணரி. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்கிறார் என்பதற்குப் பல கார்கள் நம்பும் சாட்சி அதுதான். பெல்ட் போட்டு, கதவை மூடி, கியரை 'டி'-யில் போட்டு எண்ணெயை மிதித்தால் தடை தானாக விடுபடும், பெல்ட் இல்லையென்றால் விடாது. பீப் சத்தம் பிடிக்காமல் வெறும் கொக்கியை வாங்கிச் சொருகுகிறவர்கள், அபராதத்தைப் பற்றி மட்டும் யோசிக்கிறார்கள். அந்தக் கொக்கி இருக்கும்வரை காருக்கு ஓட்டுநர் எப்போதும் உட்கார்ந்தேதான் இருக்கிறார். இடைப்பிடியில் நிறுத்தி, எஞ்சின் ஓட, நாசி லெமாக் பொட்டலம் வாங்க இறங்கினால், பெல்ட் கழற்றுவதை மட்டுமே நம்பிய கார் திருகை இறுக்காது. தயவுசெய்து அந்தக் கொக்கியை எடுத்துவிடுங்கள்.

'ஆட்டோ' என்ற சொல்லும் இங்கேதான் நம்மை ஏமாற்றுகிறது. கிரேக்க 'ஆட்டோமாட்டோஸ்' தன் எண்ணத்தால் தானே இயங்குவதைக் குறிக்கும். கார் எண்ணுவதில்லை, சில நிபந்தனைகள் சேர்ந்தால் மட்டும் செயல்படுகிறது. 'பி' கியருக்கு மாற்றியதும் தடை போடும் கார்கள் உண்டு, எஞ்சினை அணைத்ததும் போடுபவை உண்டு. நாமே தூக்கினால்தான் போடுபவையும் உண்டு, இதைக் காரின் திரையில் மாற்றி வைக்கக்கூடியவையும் உண்டு. அதனால் தானாக இறுகும் கார்களுக்கு மட்டும் 'தன்னியக்கத் தரிப்புத்தடை' என்று சொல்லலாம், மற்றவற்றுக்கு 'மின் தரிப்புத்தடை' போதும். எதுவானாலும் இறங்குமுன் மீட்டரில் வட்டத்துக்குள் 'பி' சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள்.

தானாக இறுகுவது இடைஞ்சலாகும் இடமும் நம் ஊரில் இருக்கிறது. இடமில்லாத அடுக்குமாடிகளில் வரிசைக்குக் குறுக்கே காரை விட்டு, ஃப்ரீ கியரில் போட்டு, கம்பியை இறக்கிவிட்டுப் போவார்கள். உள்ளே மாட்டியவர் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்வார். எஞ்சினை அணைத்ததும் தடை போடும் காரை அப்படித் தள்ள முடியாது. அத்தகைய காரை அங்கே குறுக்கே விடாமல் இருப்பதே அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவி.

பேட்டரி இறந்துபோனாலும் இதே கதைதான். திருகு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நிற்கும். பூட்டியிருந்தால் திறக்காது, திறந்திருந்தால் பூட்டாது. பெரும்பாலான கார்களில் வேறு காரிலிருந்து மின்சாரம் கொடுத்தால்தான் வழி. இழுவை லாரிக்காரரிடம் பின்சக்கரம் பூட்டியிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், தரையில் தேய்த்து இழுத்தால் டயரோடு போகாது செலவு.

கடைசியாக, பட்டறை. பின் பிரேக் பேட் மாற்றும்போது, பிஸ்டனை ஒரு கவ்வியால் உள்ளே தள்ளுவது பழைய பழக்கம். இங்கே பிஸ்டனுக்குப் பின்னால் திருகு நிற்கிறது. கணினிக் கருவியாலோ, கையேடு சொல்லும் முறையிலோ திருகைப் பின்னிழுத்து, பராமரிப்பு நிலையில் வைத்த பிறகுதான் பிஸ்டனைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாரின் பல்சக்கரம் உடையக்கூடும். பழக்கமான போர்மேன் என்றாலும் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே காரை விடுங்கள். வேலை முடிந்ததும் தரிப்புத்தடையைச் சிலமுறை போட்டு எடுத்து, இருபக்கமும் சமமாக இறுகுகிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.