குறி நகர்கிறதா? ஸ்கோப்பைத் திருகாமல் கொஞ்சம் பொறுங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மலைக்காடுகளில் மிளா வேட்டைக்குப் போகிறவர்கள்தான் என் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறைக்கு அதிகம் வருகிறார்கள். (நம்மூர் மிளாவேதான், 1860களில் இந்தியா, இலங்கைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், இப்போது பெருகிக் கிடக்கிறது.) பாதிப் பேருக்கு ஒரே புகார்: "போன வாரம் ஜீரோ பண்ணினேன், இன்றைக்கு நாலு விரல் தள்ளிப் போகுது, ஸ்கோப் போச்சு." (ஸ்கோப் என்பது துப்பாக்கி மேல் இருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கி; அது காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்வதுதான் ஜீரோ பண்ணுவது.)

போயிருக்கலாம். நான் அதைக் கடைசியில்தான் சந்தேகப்படுவேன்.

முதலில் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கழற்றி, தோட்டா உட்காரும் அறையில் எதுவும் இல்லையென்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஸ்குரூக்கள். குழலையும் அதைத் தாங்கும் கட்டையையும் பிடித்திருப்பவை, ஸ்கோப் அடித்தட்டில் இருப்பவை, வளையத்தில் இருப்பவை, எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் சாவி) வைத்துப் பாருங்கள், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். வளையத்தை ஒட்டி ஸ்கோப்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பத்துக் குண்டுக்குப் பிறகு கோடு நகர்ந்திருந்தால் ஸ்கோப் வளையத்துக்குள் வழுக்குகிறது என்று அர்த்தம்.

ஒரு குண்டு தள்ளி விழுந்த உடனே ஸ்கோப்பின் திருகை க்ளிக் க்ளிக்கென்று திருப்புவதுதான் பெரிய தப்பு. கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் ஒரு க்ளிக் 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும், நீங்களும் நகர்த்தி, துப்பாக்கியும் நகர்ந்தால் எதைத் துரத்துகிறோம் என்றே தெரியாமல் போய்விடும். மூன்று குண்டுகளும் சேர்ந்தே இடம் மாறினவா, இல்லை சிதறினவா? இரண்டும் வேறு வேறு நோய். குழல் ஆறியபின் அதே தோட்டாவை வைத்து மறுபடி சுடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மரக்கட்டைத் துப்பாக்கி ஒன்று என்னை நன்றாகவே ஏமாற்றியது. பட்டறையில் எல்லாம் சரி, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே காகிதம் தடையில்லாமல் ஓடியது, சுட்டால் குறி தப்பவில்லை, ஆனால் காட்டுக்குப் போனால் மட்டும் 10 செ.மீ. இடப்பக்கம். அதன் சொந்தக்காரர் இரண்டு தடவை வந்து போனபின்தான் மழையில் போனாரா என்று கேட்கத் தோன்றியது. மழைக்காலத்தில் கதவு இறுகுமே, அதே கதைதான். வெளியே பாலிஷ், குழல் படுக்கும் பள்ளத்தில் ஒன்றுமே இல்லை, அங்கே ஈரம் குடித்த மரம் உப்பிக் குழலை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது. இப்படிக் குறி தப்பினால் அந்த மிளா வயிற்றில் குண்டோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும், அதனால் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரிவதில்லை.

பள்ளத்தைத் தேய்த்து அகலமாக்கி, உள்ளேயும் பூச்சு அடித்து, ஒரு ராத்திரி ஈரச்சாக்கு சுற்றி வைத்தபின் சுட்டுக் காட்டினேன், குண்டுகள் இடம் மாறவில்லை. அவர் இலக்குத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ போன வாரம் வாங்கின புது ஸ்கோப்?" என்றார்.

பில் இருக்கிறதா என்று கேட்டேன்.