பேனல் ஏறிவிட்டது, மீட்டர் எப்போது வரும்?

கூரைகளில் சூரிய மின்சாரம் அமைத்துத் தருவது என் தொழில். அதனால் பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சு என்னிடம் கொஞ்சம் வேறு வடிவத்தில் வரும். "கவர்மென்ட் இதுல வேகமா இருக்கா சார்?" என்று கேட்பவர் பாரிஸ் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்பதில்லை. மானியம் எப்போது வங்கியில் விழும், மீட்டரை எப்போது மாற்றுவார்கள், அதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். தப்பில்லை. பாரிஸில் போட்ட கையெழுத்து கடைசியில் வந்து நிற்கிற இடமும் அந்த மீட்டர் பெட்டிதான்.

அறிவிப்பதில் அரசுகள் மெதுவாக இருக்கின்றன என்று யாரும் சொல்ல முடியாது. 2022-க்குள் 100 கிகாவாட் சூரிய மின்சாரம் என்று இந்தியா 2015-இல் இலக்கு வைத்தது. அதில் 40 கிகாவாட் கூரைகளில் வர வேண்டும். கெடு முடிந்தபோது கூரைகளில் இருந்தது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். கெடுவை 2026 வரை தள்ளி வைத்தார்கள். அதே காலத்தில் பெரிய சூரியப் பூங்காக்கள் மளமளவென்று எழுந்தன. கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016-இலேயே வந்துவிட்டது. பூங்கா என்றால் ஒரு டெண்டர், ஒரு நிலம், ஒரு கம்பெனி. அதே 648 மெகாவாட்டை மூன்று மூன்று கிலோவாட்டாக வீடுகளில் வைக்க வேண்டுமென்றால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகள், அத்தனை விண்ணப்பங்கள், அத்தனை மீட்டர்கள்.

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் இதைப் புரிந்துகொண்டு போடப்பட்டது என்றே சொல்வேன். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 வரை மானியம். பணம் நேராக வீட்டுக்காரர் கணக்குக்குப் போகிறது, இடையில் எங்களைப் போன்றவர்கள் கை வைக்க வழியில்லை. நல்லதுதான். 2025 மார்ச்சில் 10 லட்சம் வீடுகளைத் தாண்டியது. முந்தைய பத்து ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இது பெரிய பாய்ச்சல். ஆனால் இலக்கு 2027 மார்ச்சுக்குள் ஒரு கோடி வீடுகள். முதல் ஆண்டில் 10 லட்சம் என்றால், மீதி இரண்டே ஆண்டுகளில் 90 லட்சம் என்று அர்த்தம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

எங்கே இழுக்கிறது? பேனலை ஏற்றுவது இரண்டு, மூன்று நாள் வேலை. ஸ்ட்ரக்சர், பேனல், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், எர்த்திங், எல்லாம் முடிந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் காகித வேலைதான் வாரக்கணக்கில் போகும். மின் இணைப்பு இன்னமும் தாத்தா பெயரில் இருக்கும். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் பேசாமல் இருப்பார். சூரிய மின்சாரத் திட்டம் குடும்பப் பஞ்சாயத்தில் நின்றுவிடும். அடுக்குமாடி என்றால் மொட்டைமாடி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. வாடகைக்கு இருப்பவர் இந்தக் கணக்கிலேயே வர மாட்டார்.

இதெல்லாம் தாண்டினால் லோடு, அதாவது உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின் அளவு, அப்புறம் மீட்டர். இங்கே மத்திய அரசு 2024-இல் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் செய்த திருத்தம் பலருக்குத் தெரியவே தெரியாது. 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை, ஏற்கப்பட்டதாகவே கருத வேண்டும். அனுமதித்த லோடு போதாவிட்டால் அதையும் மின் விநியோக நிறுவனமே (நம் ஊரில் மின்வாரியம்) உயர்த்தித் தர வேண்டும். 5 கிலோவாட் வரை, அந்தத் தெருவின் மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மரைப் பலப்படுத்த வேண்டியிருந்தால் செலவு நிறுவனத்தின் தலையில். அமைப்பு தயாரான பிறகு இயக்கத்துக்குக் கொண்டுவர முன்பு 30 நாள் அவகாசம் இருந்தது, அதை 15 ஆக்கினார்கள்.

படிக்கும்போது நன்றாக இருக்கிறது. ஆனால் மீட்டர் கையிருப்பு இல்லாவிட்டால் விதி என்ன செய்யும்? வாங்கும் மின்சாரத்தையும் லைனுக்குக் கொடுக்கும் மின்சாரத்தையும் எண்ணும் இருவழி மீட்டருக்காகக் காத்திருக்கும் நாட்களில் பேனல் வெயிலில் சும்மா காய்கிறது.

இன்னொரு சிக்கல் தெருவில் இருக்கிறது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் பத்து வீடுகள் சூரிய மின்சாரம் போட்டுவிட்டால், நண்பகலில் எல்லோரும் உற்பத்தி செய்வார்கள், பயன்படுத்த ஆள் இருக்காது. லைனில் வோல்டேஜ் ஏறும். 250 வோல்ட்டைத் தாண்டி அதன் எல்லையைத் தொட்டதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். வாடிக்கையாளர் என்னைத்தான் திட்டுவார். பொருளில் கோளாறு இல்லை, லைனில்தான் போதாமை. டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றினால், அல்லது கம்பியைத் தடிமனாக்கினால் சரியாகிவிடும். அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும். கிகாவாட் இலக்கு அறிவிக்கும் மேடையில் தெருக்கம்பியின் தடிமன் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாராவாரம் கேட்கிறார்கள். கரன்ட் போனால், பேட்டரி இல்லாமல் லைனோடு இணைத்த சாதாரண ஆன்-கிரிட் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு கணிசமாகக் கூடும். இதை மறைத்து விற்பவரிடம் வாங்காதீர்கள்.

சரி, இந்தத் தாமதத்துக்கு அலுவலகச் சோம்பல் மட்டும் காரணமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டாவது இலவசம். அதிகம் பயன்படுத்துகிறவர் யூனிட்டுக்கு அதிகம் கட்டுகிறார். கடைகளும் ஆலைகளும் இன்னும் அதிகம். அந்தப் பணத்தில்தான் மலிவு மின்சாரத்தின் ஒரு பகுதி ஓடுகிறது. இப்போது கூரையில் பேனல் போட யாருக்கு ஆசை வரும்? கூடுதலாகக் கட்டுகிற அதே ஆளுக்கு. 3 கிலோவாட் அமைப்பு நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 700-க்கு மேல். பெரிய பில் கட்டும் வீட்டில் போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். நூறு, நூற்றைம்பது யூனிட்டில் குடும்பம் நடத்துகிற வீட்டுக்கு இது பெரிதாக ஒன்றும் மிச்சப்படுத்தாது. ஆக, விநியோக நிறுவனம் தன் நல்ல வாடிக்கையாளரை வெளியே அனுப்பும் விண்ணப்பத்தைத் தானே 15 நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும். தொழிற்சாலைக் கூரைகளுக்கு, லைனைப் பயன்படுத்துவதற்கென்று நெட்வொர்க் கட்டணம் போட்டதும், சிறுதொழில் செய்பவர்கள் அதற்கு எதிராகக் குரல் கொடுத்ததும் இந்த முடிச்சில் இருந்து வந்தவைதான்.

இலவச மின்சாரத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இழப்பை யார் ஈடுகட்டுவது என்று முடிவு செய்யாமல் வேகத்தை மட்டும் கேட்பதில் பயனில்லை என்கிறேன். சூரிய வீடு திட்டத்தில் விநியோக நிறுவனங்களுக்கென்று 4,950 கோடி ரூபாய் ஊக்கத்தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். முடிச்சு எங்கே என்று டெல்லிக்குத் தெரியும். 75,021 கோடி திட்டத்தில் அது சின்னப் பங்கு.

வீட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே போனாலும் இதே கதைதான். நிறுவிய மின்திறனில் பாதி புதைபடிவமல்லாத வழிகளில் என்ற 2030 இலக்கை இந்தியா 2025-லேயே தொட்டுவிட்டது. உண்மையான சாதனை, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் திறன் வேறு, யூனிட் வேறு. சூரியன் இரவில் இல்லை, காற்று ஆடியில் அடித்துவிட்டுக் கார்த்திகையில் தூங்கிவிடும். நாட்டில் ஓடுகிற மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் இன்னும் நிலக்கரிதான். ராஜஸ்தானில் பேனல் தயாராக இருந்தும் மின்சாரத்தை வெளியே கொண்டுபோக லைன் இல்லாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள். ஏலம் முடிந்தும் வாங்க ஆள் கையெழுத்துப் போடாமல் 40 கிகாவாட்டுக்கும் மேல் திட்டங்கள் 2025-இல் தேங்கிக் கிடந்தன.

மாலை நேரத் தேவைக்கு என்ன வழி? தமிழ்நாடு 1980-களிலேயே ஒரு நல்ல வேலை செய்தது. ஆனைமலையில் காடம்பாறை, 400 மெகாவாட். மின்சாரம் உபரியாக இருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். அடுத்தது நீலகிரியில் குந்தா, 500 மெகாவாட். இரண்டுக்கும் நடுவே எத்தனை ஆட்சி மாறியது என்று எண்ணிக்கொள்ளுங்கள். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் இன்னொன்று தெரியும். நாட்டிலேயே நல்ல காற்று வீசுகிற இடத்தில் 250 கிலோவாட் அளவிலான பழைய காற்றாலைகள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இன்றைய ஒரே ஆலை அதைப்போலப் பத்து மடங்கு தரும். பழையதை எடுத்துப் புதியது வைக்க மத்திய அரசு 2016-இல் கொள்கை போட்டது, அது எடுபடவில்லை. 2023-இல் மாற்றி எழுதினார்கள். தமிழ்நாட்டின் கொள்கை 2024-இல் வந்தது. எட்டு ஆண்டு காற்று வீணாய்ப் போனது.

வெளிநாடுகள் ஒன்றும் பிரமாதம் இல்லை. காற்றும் சூரியனும் சேர்த்து சீனா 2030-க்கு வைத்த 1,200 கிகாவாட் இலக்கை 2024 ஜூலையில் தாண்டியது, அதே சமயம் நிலக்கரி நிலையங்களையும் கட்டிக்கொண்டே இருக்கிறது. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. அமெரிக்கா 2025 ஜனவரியில் பாரிஸ் ஒப்பந்தத்தில் இருந்து விலகுவதாக மறுபடியும் அறிவித்தது. அந்த ஒப்பந்தத்தின்படி உமிழ்வைக் குறைக்கும் புதிய உறுதிமொழிகளைக் கொடுக்க 2025 பிப்ரவரி 10 கெடு, இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகள் அதைத் தவறவிட்டன. 2024-இல் உலகின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் போயிருந்தது. ஆக, வேகம் போதாது. என் துறையில் எதை எடுத்துப் பார்த்தாலும் போதாது. பேனல் விலை எவ்வளவு சரிந்தாலும் லைன், மீட்டர், கட்டண முறை அதே வேகத்தில் மாறவில்லை.

கூரையில் போடும் எண்ணம் இருந்தால், முதல் வேலையாக மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தக்காரரைத் தேடுவது அதற்குப் பிறகு. மானியம் வேண்டுமென்றால் பேனல் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், விலை சற்றுக் கூடும், அதை பில்லில் எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் விண்ணப்பித்த தேதி, அமைப்பு முடிந்ததாகச் சான்று கொடுத்த தேதி, இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். 15 நாள் அந்த இரண்டாவது தேதியில் இருந்துதான் ஓடும். தாண்டினால் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னதற்குக் கணக்கில்லை. மின்கட்டணமும் சோலார் விதிகளும் மாறும்போது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. ஆலை முதலாளிகள் வக்கீலோடு வருகிறார்கள். வீட்டுக்காரர்களும் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம்.