அடிபட்ட கண் ஆண்டுகள் கழித்து ஏன் இருள்கிறது?

கார்க் பந்தோ ஷட்டில்காக்கோ கிட்டிப்புள்ளோ பட்டு வீங்கிய கண், நாலைந்து நாளில் வீக்கம் வடிந்து பழையபடி ஆகிவிடும். எழுத்து தெரிகிறது, வலி இல்லை, வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். மாதங்களோ வருடங்களோ போன பிறகு ஒரு நாள், நல்ல கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கும்போதுதான் மற்ற கண்ணில் பாதிக் காட்சி காணோம் என்பது தெரியவரும். "திடீர்னு பார்வை போயிடுச்சு டாக்டர்" என்று ஓடுவார்கள். பல நேரம் பார்வை போக ஆரம்பித்தது எப்போதோ, கண்டுபிடித்ததுதான் அன்றைக்கு.

இவ்வளவு தாமதம் எப்படி வருகிறது? கண் சுமார் 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பந்து. முன்னாலிருந்து அடி விழும்போது அது முன்பின்னாக நசுங்குகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் நீர் என்பதால் அது சுருங்காது, பக்கவாட்டில்தான் பிதுங்கும். கண்ணின் நடுவெளியை நிரப்பியிருப்பது விட்ரியஸ் என்ற ஜெல். சுமார் 4 மில்லிலிட்டர். 99 சதவீதம் தண்ணீர், மீதியில் கொலாஜன் இழைகளும் ஹயலுரானிக் அமிலமும். கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், ஒளியை உணரும் மெல்லிய படலம்தான் விழித்திரை. அதன் முன்விளிம்பில்தான் இந்த ஜெல் மிகவும் இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. கண் பிதுங்கும் அந்த நொடியில் ஜெல் அந்த விளிம்பை வெடுக்கென்று இழுக்கிறது. விழித்திரையின் தடிமனோ கால் மில்லிமீட்டர் அளவுதான். அதில் ஓட்டை விழலாம், அல்லது விளிம்பே தையல் விட்டதுபோல் பிரிந்துவிடலாம். இளம் வயதில் அடிபட்டவர்களிடம் இந்த விளிம்புப் பிரிவு கீழ்ப்புறத்தில், காதுப் பக்கமாக அடிக்கடி காணப்படுகிறது.

விளிம்பு பிரிந்தும் விழித்திரை உடனே கழன்று விழாததற்குக் காரணம் வயது. இளமையில் ஜெல் கெட்டியாக இருந்து பிளவை அழுத்தி அடைத்துக்கொள்கிறது. வருடங்கள் போகப்போக அது இளகி நீராகிறது. அந்த நீர் பிளவு வழியாக விழித்திரைக்குப் பின்னால் கசியத் தொடங்கும். ஒளியை உணரும் செல்களுக்கு ஆக்சிஜனும் உணவும் வருவது பின்னால் ஒட்டியிருக்கும் இரத்தக்குழாய்ப் படலத்திலிருந்துதான். நீர் புகுந்து இரண்டும் பிரிந்த இடத்தில் செல்கள் பட்டினி கிடக்கின்றன. இதைத்தான் விழித்திரை விலகல் என்கிறார்கள்.

இதில் வலியே இருக்காது. விழித்திரையில் வலி நரம்புகள் கிடையாது. இன்னொரு சிக்கலும் சேர்கிறது. விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால், கீழே காதுப் பக்கம் விலகினால் இருட்டுவது மேலே மூக்குப் பக்கம். காட்சியின் அந்தப் பகுதியை மற்ற கண்ணும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மூளை அதை வைத்து இட்டு நிரப்பிவிடும். அதனால் விலகல் விழித்திரையின் நடுப்புள்ளியான மேக்குலாவை எட்டும் வரை ஆளுக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம்.

எல்லாமே இப்படி மெதுவாக நடக்காது. ஓட்டை மேல்பக்கம் இருந்தால் நீர் தன் எடையாலேயே கீழிறங்கி, சில நாட்களிலேயே மேக்குலாவைப் பிரித்துவிடும். அப்போது அறிகுறிகள் சத்தமாக இருக்கும். இருட்டில் ஓரமாக மின்னல் வெட்டும்: ஜெல் விழித்திரையை இழுக்கிறது, அந்த இழுப்பையும் விழித்திரை வெளிச்சம் என்றே மூளைக்குச் சொல்கிறது. கரித்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் மொத்தமாக மிதந்தால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கக்கூடும். அப்புறம், ஒரு பக்கத்திலிருந்து திரை இழுத்ததுபோல் நிழல். "கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்குது" என்று வருடக்கணக்காகச் சொல்பவர்கள் ஏராளம், பெரும்பாலும் அதில் பயமில்லை. ஒரே நாளில் பூச்சிக் கூட்டமே வந்து இறங்குவதும், கூடவே மின்னல் வெட்டுவதும் வேறு கதை.

பழைய அடி பார்வையை வேறு வழிகளிலும் பறிக்கும். லென்ஸ் தன் இடத்திலிருந்து நழுவலாம், கண்புரை வரலாம், கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் கோணம் சேதமாகி வருடங்கள் கழித்து கண்ணின் அழுத்தம் ஏறலாம். எது நடந்தது என்பதை நாமே கண்ணாடி முன் நின்று கண்டுபிடிக்க முடியாது. மருத்துவர் சொட்டு மருந்து போட்டு கண்மணியை விரித்துப் பார்க்க வேண்டும். இரத்தம் மறைத்தால் அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதுதான் இதில் நாம் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். மேக்குலா இன்னும் ஒட்டியிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அதே நாள், அதிகம் போனால் மறுநாள் அறுவை செய்ய முயல்வார்கள். மேக்குலா விலகிவிட்டால் அவசரம் நாட்கணக்கில்தான். ஆனால் திரும்ப ஒட்டிய பிறகும் எழுத்து மங்கலாகவும் நேர்க்கோடு வளைந்தும் தெரியக்கூடும். அடிபட்ட விவரத்தை, அது இருபது வருடப் பழசாக இருந்தாலும், முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒரு காலத்தில் இதற்கு வைத்தியம் என்பதே படுத்துக்கிடப்பதுதான். இரண்டு கண்ணையும் கட்டி, வாரக்கணக்கில் அசையாமல். அநேகமாக யாருக்கும் பயனில்லை. ஓட்டையை அடைக்காமல் விழித்திரை ஒட்டாது என்று காட்டியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் ஜூல் கோனன். ஓட்டை இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்து, வெளியிலிருந்து சூடு வைத்து மூடும் அவருடைய முறை 1920களில் பரவியது. இன்றைய லேசரும் அதே வேலையைத்தான் செய்கிறது: ஓட்டையைச் சுற்றித் தழும்பை உண்டாக்கி ஒட்டவைப்பது. நீர் புகுவதற்கு முன்பே ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டால், உட்கார்ந்த இடத்திலேயே லேசரோடு வேலை முடிந்துவிடும்.

விலகிய பிறகு என்றால் பெரிய வேலை. கண்ணின் வெளிச்சுவரில் சிலிக்கோன் பட்டையைத் தைத்து, சுவரையே விழித்திரையை நோக்கி உள்ளே தள்ளுவது ஒரு வழி. இன்னொன்று, 1970 வாக்கில் மயாமியில் ராபர்ட் மேக்கமர் உருவாக்கிய விட்ரெக்டமி. கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுண்ணிய துளைகள் போட்டு, இழுத்துத் தொல்லை தரும் ஜெல்லை வெட்டி உறிஞ்சிவிட்டு, கடைசியில் வாயுக் குமிழியை நிரப்புவார்கள். குமிழி மேல்நோக்கி மிதந்து ஓட்டையை அழுத்தி மூடும். ஓட்டை இருக்கும் இடத்தைப் பொறுத்து, சிலர் நாள்கணக்கில் குப்புறப் படுத்தோ தலையைக் கவிழ்த்தோ இருக்க வேண்டியிருக்கும். குமிழி கரையக் கரைய அதன் விளிம்பு ஒரு ஆடும் கோடாகக் காட்சியில் தெரியும். அது மேலே இருந்தாலும் நோயாளிக்குக் கீழே தெரிகிறது, பிம்பம் தலைகீழ் அல்லவா.

குமிழி கரையும் வரை விமானம் கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைய, வாயு விரிந்து, கண்ணின் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம். விமானத்தை மட்டும் தவிர்த்துவிட்டு ஊட்டிக்கு பஸ் ஏறுவதும் அதே ஆபத்துதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அந்த உயரத்தில் இருக்கும் அழுத்தமே.

பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு முதல் அறுவையிலேயே விழித்திரை ஒட்டிவிடுகிறது. பெரிய காயம் பட்ட கண்ணில் தழும்புத் திசு வளர்ந்து மறுபடி இழுத்துவிடும் வாய்ப்பு கூடுதல். பிரிட்டனின் முன்னாள் பிரதமர் கோர்டன் பிரவுன் பள்ளியில் ரக்பி ஆடும்போது அடிபட்டு, பல அறுவைகளுக்கும் இருட்டறையில் கிடந்த வாரங்களுக்கும் பிறகும் இடது கண்ணை இழந்தார். பின்னர் வலது கண்ணிலும் அதே கோளாறு தலைகாட்டியபோது எடின்பரோவில் செய்த அறுவை அதைக் காப்பாற்றியது.

பார்வை திரும்பாவிட்டால்? முதல் சில வாரங்கள் உண்மையிலேயே கஷ்டம். சொம்பிலிருந்து ஊற்றும் தண்ணீர் டம்ளருக்கு வெளியே போகும், படியின் கடைசி விளிம்பு எங்கே என்று புரியாது, அந்தப் பக்கத்திலிருந்து வரும் சைக்கிள் திடீரென்று முளைக்கும். இரண்டு கண் பிம்பங்களின் வித்தியாசத்தை வைத்து ஆழத்தை அளக்கும் வழி மூடிவிட்டது. ஆனால் தலையை லேசாக அசைத்தால் அருகில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகரும். நிழல், அளவு, எது எதை மறைக்கிறது என்பதெல்லாமும் துப்புதான். சில மாதங்களில் மூளை இவற்றைக் கொண்டே கணக்குப் போடப் பழகிவிடும். அதுவரை சொம்பின் வாயை டம்ளர் விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றுவது நல்லது.

1961 ஜூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நடந்த கார் விபத்தில் கண்ணாடிச் சில் பட்டு, கிரிக்கெட் வீரர் மன்சூர் அலி கான் பட்டோடியின் வலது கண் கெட்டது. அப்போது வயது 20. மட்டையைத் திரும்பக் கையில் எடுத்தபோது அவருக்கு இரண்டு பந்துகள் தெரிந்தன. தொப்பியை வலது கண் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆடினார். 1962 ஜனவரியில் சென்னை டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன். கெட்ட கண் தரும் கோணலான பிம்பம், நல்ல கண்ணின் பிம்பத்தோடு பொருந்தாமல் மூளையைக் குழப்பும். சிலருக்கு அதை மறைத்துவிடுவதே நிம்மதி. அதற்காக மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் மங்கலான கண்ணாடி போட்டுத் தருகிற வழக்கமும் உண்டு.

அந்த மூக்குக்கண்ணாடியில் நல்ல கண் பக்கம் பவர் தேவையில்லை என்றாலும் பாலிகார்பனேட் லென்ஸ் போட வேண்டும், அது எளிதில் உடையாது. மிஞ்சியிருக்கும் கண்ணுக்குக் கவசம் அதுதான். வாரம் ஒருமுறை, மாதக் காலண்டரின் கட்டங்களை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கலாம். கோடு நெளிந்தாலோ ஒரு மூலை காணாமல் போனாலோ அன்றைக்கே கண் மருத்துவமனை.