எல்லாரும் ஒண்ணா ஊருக்குப் போக முடியுமா?

செங்கல் சூளைக்கு விசாரணைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "உங்களை யாராவது அடைச்சு வச்சிருக்காங்களா?" ஓனர் பத்தடி தள்ளி நிற்பார். "இல்லீங்க, நாங்களாத்தான் வந்தோம்" என்று பதில் வரும். அது முழுப் பொய்யும் இல்லை. பூட்டு இல்லை, வேலி இல்லை. கோப்பு அங்கேயே மூடப்படும்.

திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் கொத்தடிமை வழக்குகளைப் பார்த்துவரும் வழக்கறிஞர் நான். என்ன கேட்க வேண்டும் என்று எனக்குக் காட்டியவர், தானே சூளையிலிருந்து மீண்டு இன்று தன்னார்வலராக இருக்கும் இருளர் பழங்குடி அக்கா ஒருவர். செங்கல் அறுத்துக்கொண்டிருந்த பெண்ணின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "ஊர்ல ஒரு சாவுன்னா எல்லாரையும் ஒண்ணா வுடுவாங்களா?" என்றார். "ஒருத்தர் போலாம். மத்தவங்க இங்கயே இருக்கணும்." விட்டுப்போகும் அந்த மற்றவர்கள்தான் பிணை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இருக்காது. சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி முன்பணத்தோடு வருவது அப்போதுதான். பொங்கல் கழிந்ததும் குடும்பமே லாரி ஏறும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தாலும் கையில் வருவது வாரச் செலவுக்காசு மட்டும். மழையில் கரைந்த கல்லுக்கு அதுவும் இல்லை. கணக்கு நோட்டு ஓனரிடம். முன்பணமாக வாங்கிய கடன் மட்டும் குறையவே குறையாது.

1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது, ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவரும் கடன் கொடுத்தவரே. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆர்வத்தில் கெடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். புதுத் தன்னார்வலர் ஒருவர் சூளையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அன்று இரவே அந்தக் குடும்பங்கள் வேறு சூளைக்கு மாற்றப்பட்டன. தகவல் போக வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) அல்லது சப்-கலெக்டர். குழந்தைகள் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம். முகம் தெரியும் படம் எவருக்கும் வேண்டாம்.

மீட்பு ஒரு நாள் வேலை. அதன் பிறகுதான் அக்காவைப் போன்றவர்களுக்கு ஓய்வே இருக்காது. கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அரசு அதிகாரி தரும் விடுவிப்புச் சான்று கைக்கு வந்தால்தான் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கேட்க முடியும். மத்திய அரசுத் திட்டத்தில் மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைகளுக்கு உள்ளானவர்களுக்கு 3 லட்சம். இந்த மறுவாழ்வுத் தொகை, குற்றவாளிக்கான தண்டனைத் தீர்ப்போடு கட்டப்பட்டிருக்கிறது. தீர்ப்புக்கு ஆண்டுகள் ஆகின்றன. என் பார்வையில் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். அதற்குள் சாதிச் சான்று, ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளி என்று அக்கா அலைகிறார்.

அடுத்த ஐப்பசியில், மீட்கப்பட்டு ஊர் திரும்பியிருந்த அந்தச் செங்கல் அறுத்த பெண்ணின் வாசலில் மேஸ்திரியின் பைக் வந்து நின்றது. அன்று அக்காவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.