பிடிக்கவில்லை, ஆனாலும் வேண்டும்

சமூக ஊடகமும் ஏஐயும் உறுத்துகின்றன என்று சொல்லும் இளைஞர்களே அவற்றை விடாமல் பயன்படுத்துவது ஏன்? நான்கு வாரம் டிக்டாக் கணக்கை மூடி வைக்க எவ்வளவு பணம் கேட்பீர்கள் என்று அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு ஆய்வுக் குழு கேட்டது. சராசரியாக 59 டாலர் என்று பதில் வந்தது. இன்ஸ்டாகிராமுக்கு 47 டாலர். பிறகு கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார்கள். உங்கள் கல்லூரியில் எல்லோருமே ஒரே நேரத்தில் மூடிவிடுவதாக இருந்தால்? இப்போது மாணவர்கள் காசு கேட்கவில்லை, தங்கள் கையிலிருந்தே கொடுக்க முன்வந்தார்கள். டிக்டாக்குக்கு 28 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 10 டாலர். லியனார்டோ பர்ஸ்டின் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய சகாக்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இதில் கலந்துகொண்டார்கள்.

இளைஞர்களுக்குப் போன்தான் உயிர் என்று புலம்புகிறவர்களுக்கும், பிடிக்காவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு இடிக்கும். எல்லோரும் உள்ளே இருக்கும்போது ஒருவர் மட்டும் வெளியே வந்தால், நேற்று யார் என்ன சொன்னார், எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எதுவும் தெரியாமல் நிற்க வேண்டியதுதான். அந்த நஷ்டத்துக்குத்தான் 59 டாலர். பொருளாதாரம் இவ்வளவு தூரம் விளக்கிவிடுகிறது. ஆனால் நண்பர்கள் எல்லோரும் தூங்கிப்போன நள்ளிரவிலும், சலிப்போடு விரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறதே, அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள்தான் இன்ப உணர்வைத் தருகிறது என்று விஞ்ஞானிகள் பலர் ஒரு காலத்தில் நம்பினார்கள். மூளை ஆய்வாளர்களான கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதுமாக ஒழித்துவிட்டார்கள். அந்த எலிகள் சாப்பாட்டைச் சீண்டவே இல்லை. ஊட்டிவிடாவிட்டால், உணவு பக்கத்திலேயே கிடந்தாலும் பட்டினியில் செத்துப்போகும் நிலை. இன்பம் போய்விட்டதால்தான் இப்படி என்றால், இனிப்பும் அவற்றுக்கு ருசிக்கக் கூடாது. சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டார்கள். எலிகள் நாக்கை நீட்டி உதட்டை நக்கின, ஆரோக்கியமான எலி நக்குவதைப் போலவே. கசப்பை விட்டால் வாயைப் பிளந்து முகம் சுளித்தன. ருசி அப்படியே இருந்தது. தேடிப் போகும் உந்துதல்தான் காணாமல் போயிருந்தது. 1989-இல் வெளியான இந்த முடிவை முதலில் அவர்களாலேயே நம்ப முடியவில்லை என்றாலும் ஆச்சரியமில்லை. பிறகு பெரிட்ஜ் வேறொரு சகாவோடு எதிர்த்திசையிலும் பார்த்தார். மூளையின் ஒரு பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது எலிகள் ஆவேசமாகத் தின்றன, ஆனால் ருசித்து நக்குவது கூடவில்லை.

ஆக, ஒன்று வேண்டும் என்று துடிப்பதும், அது கிடைத்தபின் பிடித்துப்போவதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள். பெரும்பாலும் சேர்ந்தே வேலை செய்வதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. (ஒரு நாள் போனை அணைத்துவிட்டு 'டோபமைன் டீடாக்ஸ்' செய்வதாகச் சொல்கிறவர்கள் கவனிக்க: டோபமைன் நச்சு இல்லை, அதைக் கழுவிக் கொட்டவும் முடியாது. அது குறைந்தால் என்ன ஆகும் என்று, உடலை அசைக்கவே திணறும் பார்க்கின்சன் நோயாளிகளைக் கேட்கலாம்.)

இந்த உந்துதலை எது கிளப்புகிறது? வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் செல்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டு பழச்சாறு கிடைத்தால் செல்கள் படபடவென்று துடித்தன. சாறுக்கு முன்னால் எப்போதும் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகியபிறகு, விளக்குக்கே துடித்தன. சாறு வந்தபோது சலனமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கமான துடிப்பும் அடங்கியது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த செல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. போனில் வரும் நோட்டிஃபிகேஷன் அந்த விளக்குதான். அடுத்த வீடியோ நன்றாக இருக்குமா, மொக்கையா என்று தெரியாத வரைக்கும் வித்தியாசம் பூஜ்யமாவதே இல்லை. பக்கம் முடிந்தால் நிறுத்தலாம் என்ற வழியும் அடைபட்டுவிட்டது. முடிவில்லாமல் உருளும் திரையை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார்.

சுவாரசியமான முடிச்சு ஒன்று இங்கே இருக்கிறது. அந்த 'வித்தியாசக் கணக்கை' கணினி விஞ்ஞானிகளான ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் 1980-களிலேயே கணினிக்காக எழுதி வைத்திருந்தார்கள். குரங்கின் செல்கள் அதே கணக்கைப் போடுகின்றன என்பது 1997-இல் விளக்கப்பட்டது. இந்தத் துறையை வளர்த்ததற்காக சட்டனுக்கும் பார்ட்டோவுக்கும் கணினித் துறையின் நோபல் எனப்படும் டூரிங் விருது (2024-ஆம் ஆண்டுக்கானது) கிடைத்தது. இன்றைய ஏஐ சாட்பாட்களைப் பழக்குவதும் அந்தக் குடும்பத்துக் கணிதம்தான். இரண்டு பதில்களைக் காட்டி எது மேல் என்று மனிதர்களிடம் கேட்கிறார்கள். மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் வகைப் பதிலுக்கு மதிப்பெண் கூடும், இயந்திரம் அந்தப் பக்கம் சாயும். நாம் எதைத் தேர்ந்தெடுப்போம்? தன்னம்பிக்கையான பதிலை, நம்மோடு ஒத்துப்போகிற பதிலை. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் ஜிபிடி-4ஓ மாடலின் புதிய பதிப்பைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அளவுக்கு மீறி ஜால்ரா அடிக்கிறது என்பதுதான் புகார்.

எனவே ஏஐ மீதான இளைஞர்களின் உறுத்தல் வேறு ரகம் என்று நினைக்கிறேன். ரீல்ஸ் பிடிக்காமலே இழுக்கிறது. சாட்பாட் பிடிக்கிறது, ஆனால் அதனால் நமக்கு என்ன ஆகிறது என்பது தெரிவதில்லை. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கணிதப் பயிற்சியின்போது சோதித்தார்கள். சாதாரண சாட்பாட் கிடைத்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். அதைப் பறித்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, சாட்பாட்டையே பார்க்காத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவு. இதில் விசேஷம், தாங்கள் குறைவாகக் கற்றதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவதாக ஒரு குழுவும் இருந்தது. அவர்களுடைய சாட்பாட் விடையைச் சொல்லாது, குறிப்பு மட்டும் கொடுக்கும். பயிற்சியில் 127 சதவீதம் கூடுதல், தேர்விலும் பாதகம் இல்லை. இரண்டு குழுக்களுக்கும் கொடுத்தது ஒரே ஜிபிடி-4. ஆசிரியர்களின் உதவியோடு அதற்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்த அறிவுறுத்தல்தான் வேறு.