பிளேட் வைத்தாயிற்று, எலும்பு இன்னும் கூடவில்லை

காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோள் வரை செல்லும் எலும்பு) முறிந்து, அதன்மேல் ஸ்க்ரூ போட்டு உலோகப் பிளேட் பொருத்தும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தையல் பிரித்த கையோடு எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு வருவார்கள். முதல் கேள்வியே "எப்போது வேலைக்குப் போகலாம்?" என்பதுதான். பெரும்பாலும் இருசக்கர வாகனத்திலிருந்து தோள்பட்டை தரையில் மோத விழுந்தவர்கள். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவராகவே இருப்பார். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது.

பதில், செய்யும் வேலையைப் பொறுத்தது. மேசை வேலை என்றால் பலரும் இரண்டு வாரங்களில் ஸ்லிங் (கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் துணிப்பட்டை) அணிந்தபடியே போய்விடலாம். முழங்கையை மேசைமேல் தாங்கலாக வைத்துக்கொண்டால் போதும். கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், மேல் அலமாரியிலிருந்து சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஆகியோர் கையைத் தோளுக்கு மேல் உயர்த்த ஏறத்தாழ 6 வாரங்கள் பொறுக்க வேண்டும். கொத்தனாரும் மூட்டை தூக்குபவரும் குறைந்தது 3 மாதங்கள் காத்திருந்து, எலும்பு கூடிவிட்டதை எக்ஸ்ரேயில் உறுதிசெய்த பிறகே பழைய வேலையைத் தொட வேண்டும்.

இந்த 3 மாதங்களை ஏற்கவைப்பதுதான் பெரும்பாடு. ஏனென்றால் வலி ஒரு மாதத்திலேயே பெரிதும் அடங்கிவிடுகிறது. வலி இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பிளேட் செய்வது ஒன்றே ஒன்றுதான்: முறிந்த முனைகளை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. எலும்பு தானாகத்தான் கூட வேண்டும். அதற்கு 6 முதல் 12 வாரங்கள் ஆகும், புகைப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். அதற்குள் 50 கிலோ சிமென்ட் மூட்டையைத் தூக்கினால் பிளேட் வளையலாம், ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரலாம். அப்புறம் மறுபடியும் அறுவை சிகிச்சைதான்.

இதற்கு நேர்மாறாக, எலும்பு விலகிவிடும் என்று பயந்து கையை மார்போடு கட்டியே வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களைத் தலை வாரச் சொல்லிப் பார்ப்பேன். கை மேலே எழாது; தோள்பட்டை காதை நோக்கி ஏறும், தலை சீப்பைத் தேடிச் சாயும். தோள்மூட்டு இறுகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே அசையுங்கள். குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் பயிற்சியை மருத்துவர் அனுமதித்ததும் தொடங்குங்கள்.

தழும்புக்குக் கீழே தோல் மரத்துப்போயிருப்பது பலருக்கும் வருவதுதான், பயப்பட வேண்டாம். தோள்பையை மறுபக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் தழும்பு சிவந்தாலோ, சீழ் கசிந்தாலோ, திடீரென 'டக்' என்ற சத்தத்துடன் வலி வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பைக் ஓட்டுவதற்கும் 6 முதல் 8 வாரங்கள் வரை பொறுங்கள். சட்டென்று பிரேக் பிடித்து வண்டியைத் திருப்ப இரு கைகளுக்கும் பலம் வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர், வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்தில் சிக்கினால், அதையும் பணிக்காயமாகக் கருத 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. ஏற்கப்பட்டால், வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். விபத்து நடந்த இடம், நேரம் ஆகியவற்றுக்கான ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

'பணிக்குத் தகுதியானவர்' என்ற ஒற்றை வரிச் சான்றிதழோடு திரும்பாதீர்கள். எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, எந்தத் தேதி வரை என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்கி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள்.