கையெழுத்துப் போட்டவருக்கு அதிகாரம் இருந்ததா?

கடிதத்தாள் நல்ல தடிமன். மேலே பொன்னிறத்தில் அரசு முத்திரை, கீழே கையெழுத்து, அதனடியில் ‘பண்பாட்டு அலுவலர்’ என்ற பதவிப்பெயர். நாடகக் குழு நடத்தும் அந்த அம்மையார் அதைக் கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றின் விழாவில் மூன்று நாள் நாடகம் போட்டிருந்தார்கள். கைதட்டல் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. அதற்குள் அந்த அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் மரியாதை குறையாமல் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார்: இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன்னவருக்கு அதிகாரம் இல்லை.

“தூதரகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே அதிகாரம் இல்லையென்றால் வேறு யாருக்கு சார் இருக்கும்?” என்று கேட்டார்.

வழக்கறிஞனாகப் பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியைத்தான் வெவ்வேறு குரல்களில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திரைப்பட விழா, மொழி வகுப்பு, உதவித்தொகை, நூலகம், மாணவர் பரிமாற்றம் என்று ஓர் அரசு வேற்று நாட்டு மக்களுடன் நேரடியாக உறவாடும் வேலையைப் பொது ராஜதந்திரம் என்கிறோம். அதை நடத்தும் அலுவலர்கள் இனிமையாகப் பேசுவார்கள், தேநீர் கொடுப்பார்கள், ‘செய்துவிடலாம்’ என்பார்கள். அந்த ‘செய்துவிடலாம்’ சட்டத்தின் கண்ணில் எவ்வளவு பெறும் என்று அப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று ஒரு கூச்சம்.

அலுவலரின் அதிகாரம் அவர் நாற்காலியிலிருந்து பிறப்பதில்லை. அவரை அனுப்பிய நாட்டிலிருந்து கைமாறிக் கைமாறி வருகிறது. அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம், அவர்கள் இதையெல்லாம் எழுதி வைக்கிறவர்கள். கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றங்களுக்குப் பணம் செலவிடும் அதிகாரத்தை 1961-ஆம் ஆண்டின் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம் குடியரசுத் தலைவரிடம் கொடுத்தது. அவர் 1962-இல் ஒரு நிர்வாக ஆணை வழியாக அதைக் கீழே பிரித்துக் கொடுத்தார். 1978-இல் அந்தப் பணிகள் வெளியுறவுத் துறையை விட்டுத் தனி நிறுவனத்துக்குப் போயின. 1999-இல் அந்த நிறுவனமே கலைக்கப்பட்டு, அந்தப் பணிகள் திரும்ப வெளியுறவுத் துறைக்கு வந்தன. பொது ராஜதந்திரத்துக்கென்று ஒரு துணைச் செயலர் பதவியும் அப்போது உருவானது. ஒவ்வொரு முறையும் அதிகாரப் பகிர்வு ஆணைகளைப் புதிதாக எழுதியாக வேண்டும். மேலே ஒரு கண்ணி விட்டுப்போனால் கீழே இருப்பவரின் கையெழுத்து வெறும் அழகெழுத்து.

பணம் கொடுப்பதற்கு இன்னொரு தாளும் வேண்டும். அந்நாட்டு அரசின் சார்பில் ஒப்பந்தமோ மானியமோ கொடுக்கிற அலுவலரிடம் எழுத்து வடிவில் நியமனச் சான்று இருக்கும். பேச்சு வழக்கில் அதை ‘வாரண்ட்’ என்பார்கள். கைது செய்யும் சமாச்சாரம் அல்ல. இவர் எதற்கு, எவ்வளவு தொகை வரைக்கும் கையெழுத்திடலாம் என்பதைச் சொல்லும் சான்று. பண்பாட்டுப் பிரிவின் தலைவரிடமே அது இல்லாமலிருக்கலாம். அடுத்த அறையில் கணக்குப் பார்க்கும் சிறிய அலுவலரிடம் இருக்கலாம். விருந்தில் நம்மோடு கைகுலுக்குபவர் முன்னவர், நம் பணத்தைத் தீர்மானிப்பவர் பின்னவர்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947-இல் சொன்ன தீர்ப்பு ஒன்றைக் கட்சிக்காரர்களிடம் அடிக்கடி சொல்வேன். ஐடஹோ மாநிலத்தில் ஒரு கோதுமை விவசாயி. அரசுப் பயிர்க் காப்பீட்டு நிறுவனத்தின் உள்ளூர் முகவர்கள் ‘உங்கள் மறுவிதைப்புக்கும் காப்பீடு உண்டு’ என்றார்கள். விதியோ இல்லை என்றது. வறட்சியில் பயிர் போனது, நிறுவனம் கைவிரித்தது. 5-க்கு 4 என்ற கணக்கில் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. அரசின் பெயரால் பேசுகிறவர் தம் அதிகார எல்லைக்குள் நிற்கிறாரா என்று தெரிந்துகொள்வது எதிரே இருப்பவரின் பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்காது. ஆனாலும் ஏறக்குறைய எல்லா அரசுகளும் இந்த மனநிலையில்தான் பதில் எழுதுகின்றன.

எதிரே இருப்பவர் அரசு அலுவலர்தானா என்பதும் முன்கூட்டியே பார்க்க வேண்டிய சங்கதி. பிரிட்டிஷ் கவுன்சில் 1940-இல் அரச சாசனம் பெற்ற தனி அமைப்பு. ஜெர்மனியின் கோதே நிறுவனம் பதிவு செய்யப்பட்ட சங்கம். தூதரகத்தின் நிழலில் இயங்குவதாலேயே அங்கே வேலை செய்பவர் தூதர் ஆகிவிட மாட்டார்.

இதுவரை சொன்னது, அனுப்பிய நாடு கொடுக்கும் அதிகாரம். ஏற்கும் நாடு அனுமதிப்பது தனிக் கணக்கு. 1961-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உடன்படிக்கை, பண்பாட்டு உறவை வளர்ப்பதையும் தூதரகப் பணியாகவே 3-ஆம் பிரிவில் சேர்த்திருக்கிறது. அதே உடன்படிக்கையின் 41-ஆம் பிரிவு, உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க வேண்டும், உள்நாட்டு விவகாரத்தில் தலையிடக் கூடாது என்கிறது. தூதரகம் இருக்கும் ஊரைத் தவிர வேறு ஊரில் அலுவலகம் திறக்க 12-ஆம் பிரிவின்படி முன்கூட்டியே வெளிப்படையான சம்மதம் வேண்டும். ஒரு கிளை நூலகம் தூதரகத்தின் பகுதியா, தனி நிறுவனமா என்பது நல்ல நாளில் யாருக்கும் தோன்றாத சந்தேகம். உறவு கசக்கட்டும், முதலில் எழுவது அதுதான்.

2007 இறுதியில் ரஷ்யாவில் அப்படித்தான் நடந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் யெகாடெரின்பர்க்கிலும் இருந்த பிரிட்டிஷ் கவுன்சில் மையங்களுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று சொல்லி, 2008 ஜனவரி 1 முதல் மூடும்படி ரஷ்ய அரசு உத்தரவிட்டது. வியன்னா உடன்படிக்கைகளும் 1994-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட பண்பாட்டு ஒப்பந்தமும் போதும் என்றது பிரிட்டன். விடுமுறை முடிந்து மையங்கள் திறந்தன. உடனே அங்கு வேலை பார்த்த ரஷ்யக் குடிமக்களைப் பாதுகாப்புத் துறை விசாரணைக்கு அழைத்தது. வீடு தேடியும் ஆட்கள் போனார்கள். சில நாட்களில் இரண்டு மையங்களின் பணியும் நிறுத்தப்பட்டது. வழக்கு எதுவும் வெல்லப்படவில்லை, தோற்கப்படவும் இல்லை. இரவில் கதவைத் தட்டும் ஓசைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர்கள் உள்ளூர் ஊழியர்கள்தான்.

உள்ளூர் ஊழியர்களை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். தூதரக அலுவலருக்கு விலக்குரிமை உண்டு. 1961 வியன்னா உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு கொடுப்பது. அதை அதிகாரம் என்று எண்ணிக்கொள்வது பெரிய குழப்பம். அவரை வழக்குக்கு இழுக்க முடியாது என்பதால் அவர் செய்ததெல்லாம் செல்லுபடியாகும் என்று ஆகாது. துணைத் தூதரகம் என்றால் பாதுகாப்பு இன்னும் சுருங்குகிறது: 1963-ஆம் ஆண்டின் வியன்னா துணைத் தூதரக உடன்படிக்கையின்படி பணி சார்ந்த செயல்களுக்கு மட்டுமே வழக்கிலிருந்து விலக்கு. அந்த நாட்டுக் குடிமகனாகவே இருந்து தூதரகத்தில் வேலை செய்பவருக்கோ, ஏற்கும் நாடு மனமுவந்து கொடுத்தாலொழிய எதுவும் கிடையாது.

ஒரு நிகழ்ச்சி உதவியாளர் என்னிடம் வந்தார். முப்பது வயது இருக்கும். ஓர் அரங்கத்தின் வாடகைப் படிவத்தில் ‘பொறுப்பாளர்’ என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். தலைவர் ஊரில் இல்லை, அரங்கக்காரர் அவசரப்படுத்தினார், போட்டுவிட்டார். விழாவில் ஒளிவிளக்குச் சட்டகம் சரிந்து மேடைத் தரை உடைந்தது. அரங்கத்தின் வக்கீல் நோட்டீஸ் தூதரகத்துக்குப் போகவில்லை, நேராக இவர் வீட்டுக்கு வந்தது. கேட்டால், கட்டத்தில் இருப்பது இவர் பெயர். அன்று அந்தப் படிவத்தில் ‘தூதரகத்துக்காக’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தாலே என் வேலை பாதியாகியிருக்கும்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் கையெழுத்துக்கு முன் சிலவற்றைக் கேட்கச் சொல்கிறேன். இந்தச் செலவு எந்தச் சட்டத்தின் கீழ், எந்த நிதித் தலைப்பில் வருகிறது? கையெழுத்திடுபவரின் அதிகாரச் சான்று நகல் கிடைக்குமா? ஒப்பந்தத்தின் தரப்பு யார், அரசா, தூதரகமா, பண்பாட்டு மையமா? தகராறு வந்தால் எந்த நீதிமன்றம்? கடைசிக் கேள்வியில் மழுப்புவார்கள். 1961 உடன்படிக்கையின் 32-ஆம் பிரிவின்படி விலக்குரிமையைக் கைவிடுவது எப்போதும் வெளிப்படையாக இருக்க வேண்டும். வழக்குக்கு உடன்பட்டாலும் தீர்ப்பை நிறைவேற்றத் தனியாக உடன்பட வேண்டும். அது எளிதில் கிடைக்காது. ஆகவே பெரும்பாலும் வேறு வழியைச் சொல்கிறேன்: பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள்.

அலுவலர்களுக்கும் இதில் நன்மை உண்டு. அதிகாரத்தை மீறி வாக்குக் கொடுத்த இளம் அலுவலர் ஒருவர் விளக்கக் கடிதம் எழுதியே ஓராண்டைக் கழித்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நாடகக் குழு அம்மையாரின் கணக்கு பதினொரு மாதத்தில் தீர்ந்தது. வழக்கு எதுவும் போடவில்லை. நிகழ்ச்சி நடந்ததற்குப் புகைப்படம், தூதரகமே அச்சிட்ட அழைப்பிதழ், அந்த ஆண்டு நிதி ஒதுக்கீட்டில் இடம் இருந்தது என்ற விவரம் மூன்றையும் இணைத்து, பின்னேற்பு கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதினோம். அதிகாரம் உள்ள ஒருவர் முன்னவரின் செயலைப் பின்னால் ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு அதே விழாவுக்கு மறுபடியும் அழைப்பு வந்தது. அம்மையார் சான்று நகல் கேட்டார். இரண்டு நாளில் அனுப்பினார்கள். கையெழுத்திடவிருந்தவரின் உச்சவரம்பு நாடகச் செலவில் முக்கால் பங்குதான். ஒப்பந்தத்தை வேறொருவர் பெயரில் மாற்றி எழுதிய பிறகே ஒத்திகை தொடங்கினார்கள்.